பிரெஞ்சுக்காரரின் அட்டையில் உங்கள் எழுத்து

அக்கா,

இன்று காலை மேசையில் கிடந்த தாள்மேல் தேநீர் கொட்டிவிட்டது. வெயிலில் காயும்போது அதிலிருந்து எழுந்த வாசம் உங்களைக் கொண்டுவந்து நிறுத்தியது.

புலம்பெயர்ந்து வந்து ஸ்ட்ராத்ஃபீல்டில் நாம் பக்கத்து வீடுகளில் இருந்த அத்தனை காலமும், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நீங்கள் லண்டனில் ஓவியம் படித்தீர்கள் என்பது மட்டுமே எனக்குத் தெரியும். மெரிலேண்ட்ஸில் தையற்கடை வைத்திருக்கும் பிரெஞ்சுக்காரர் ஒரு ஞாயிறு நம்மை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். பேச்சு போரின் பக்கம் திரும்பியது. இங்கிலாந்திலிருந்து ரகசிய வேலைக்காக, ஜெர்மன்காரர் பிடித்துவைத்திருந்த தன் நாட்டுக்குள் பாரசூட்டில் இறங்கியவராம். அன்று வைத்திருந்த பொய் அடையாள அட்டையை எடுத்துவந்து காட்டினார்.

"ரயில் நிலையத்தில் ஒரு ஜெர்மன் சிப்பாய் இதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு திருப்பித் தந்துவிட்டான். யார் செய்ததோ, தெரியாது."

நீங்கள் அதை வாங்கிப் பார்த்தீர்கள். அதன்பின் மேசையைச் சுற்றி ஓடிய அவருடைய பேரப்பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

திரும்பும் ரயிலில்தான் சொன்னீர்கள்.

"அது என்ர எழுத்து."

"எது அக்கா?"

"அந்த அட்டையில இருக்கிற பேர், ஊர் எல்லாம்."

இங்கிலாந்தில் அரசாங்கம் போருக்காக எடுத்துக்கொண்ட ஒரு பெரிய நாட்டுப்புற மாளிகையாம். அங்கே சிலர் போலி முத்திரை செதுக்க, நீங்கள் ஏதோ ஒரு நகரசபை எழுத்தரின் அவசரக் கிறுக்கலைப் பழகி எழுதினீர்கள். புது அட்டைகளைத் தேநீரில் தோய்த்து, சட்டைக்குள் வைத்துத் திரிந்து பழசாக்கினீர்கள். வெளியே சொல்வதில்லை என்று சத்தியம். உங்கள் கணவருக்கும் தெரியாது.

"ஒரு எழுத்துப் பிழைச்சாலும் ஆள் முடிஞ்சுது. ஆர் தப்பினது, ஆர் பிடிபட்டது எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. இண்டைக்குத்தான் ஒராளைக் கண்டனான்."

"அவரிட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"ஏன்? ஆள் உயிரோட இருக்கிறார். எனக்கு அதுவே காணும்."

உங்கள் கைகள் மடியில் சும்மா கிடந்தன. வேலிக்கு மேலால் எனக்குக் கறி நீட்டும் கைகள்.

உங்கள் இறுதிச் சடங்குக்கு அந்தப் பிரெஞ்சுக்காரரும் வந்திருந்தார். "ஒரே ஒரு நாள்தான் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். ஆனாலும் வரவேண்டும் போலிருந்தது," என்றார். உங்கள் ரகசியம் நாக்கு நுனிவரை வந்தது. அவருடைய கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

போன மாதம் அவருக்கு இன்னொரு பேத்தி பிறந்திருக்கிறாள். கடைப்பக்கம் போகும்போதெல்லாம் பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொருவராக விசாரிக்கிறேன். நான் ஏன் இவ்வளவு கேட்கிறேன் என்று அவருக்கு விளங்குவதில்லை. உங்களுக்காகத்தான் கேட்கிறேன், அக்கா.