நீளம் கேட்ட கடிதங்கள்

8 பெப்ரவரி 1987, ஞாயிறு

பூசை முடிந்து வந்து எங்கள் முன்னறையில் இருந்தவர்கள்: நான், இவர், மகள் அருள்மலர், எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த கஸ்பர் அண்ணை, அவர் மனைவி றோஸ்மலர். ஐந்து பேர். பிறகு ஆர் இருந்தது, ஆர் கேட்டது என்று கதை வரக்கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

கடிதம் இந்தோனேசியாவிலிருந்து. பாதி உடைந்த ஆங்கிலம், மீதி அவர்களுடைய மொழி. ஆங்கிலப் பகுதியை மகள் வாசித்தாள். இவருடைய தம்பி பெனடிக்ற் ஒக்ரோபரில் காலமாகிவிட்டார். கப்பலில் வேலை செய்தவர், பதினெட்டு வருடத்துக்கு முன் அங்கே ஒரு சின்னத் தீவில் இறங்கி, வாய்தேனா என்ற கிராமத்திலேயே நின்றுவிட்டவர். பிள்ளைகள் இல்லை. ஒரு மரவீடும், கடலோரம் தென்னங்காணியும் தமையனுக்கு. எழுதியவர் லூக்காஸ், அந்த ஊர்க் கோயில் உபதேசியார்.

இவர் அழவில்லை. "எத்தனை தென்னை என்று போட்டிருக்கோ?" என்று கேட்டார்.

10 பெப்ரவரி

கடிதத்தோடு வந்த படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கால்களில் நிற்கும் வீடு. முன்னால் ஊர்ச்சனம் வரிசையாக. பின்பக்கம் பெயர்கள் எழுதியிருக்கிறது. பெயர்கள் பன்னிரண்டு. ஆட்கள் பதினொன்று. மூன்று தரம் எண்ணினேன்.

வரிசையின் நடுவில் ஓர் ஆள் நிற்கக்கூடிய இடைவெளி. பெயர்களில் ஏழாவது – கிறிஸ்துநாயகம். இவருடைய பெயர்.

"மரியாதைக்கு விட்டிருக்கினம்" என்கிறார்.

1 மார்ச், ஞாயிறு

இவருக்கு வேலை நின்று ஒன்பது மாதம். ஊரில் சண்டை, மன்னாருக்குத் திரும்ப வழியில்லை. நாங்கள் இருக்கும் இந்தச் செவன் கிங்ஸ் வீட்டை விற்றுவிட்டு ஒரேயடியாக அந்தத் தீவுக்குப் போவது என்று இப்போது கதை. வீடு இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன்.

"இந்தச் சாம்பல் வானத்துக்குக் கீழ கிடந்து சாகச் சொல்லுறீரோ?"

"சாகிறதைப் பற்றி ஆர் கதைச்சது? இருக்கிறதைப் பற்றித்தான் நான் கதைக்கிறன்."

அருள்மலர் கதவைச் சாத்திக்கொண்டு மேலே போய்விட்டாள்.

14 மார்ச், சனி

இரண்டாம் கடிதம். முழுக்க அவர்கள் மொழி. வெளியாட்களிடம் காட்டக் கூடாது, கண்ணூறு படும் என்கிறார் இவர். நூலகத்திலிருந்து சுற்றுலாப் போகிறவர்களுக்கான சிறு சொற்புத்தகம் எடுத்து வந்தேன். பாதிச் சொல் எங்களுடையதே. 'கப்பால்' என்றால் கப்பல். 'கெடை' என்றால் கடை. 'பெத்தி' என்றால் பெட்டி. இவருக்குச் சிறுபிள்ளை மாதிரிச் சந்தோசம். "பார்த்தீரோ! எங்கட சனந்தான்."

கடிதத்தில் 'பெத்தி மத்தி' என்று இரண்டு இடத்தில் வருகிறது. நடுவீட்டில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள், காணி உறுதி அதற்குள்தான் என்று இவர் சொன்னார். சொற்புத்தகத்தில் 'பெத்தி' இருக்கிறது, 'மத்தி' இல்லை.

சொற்புத்தகத்தை வைத்துப் பார்த்ததில், தமையனுடைய நீளம் கேட்கிறார்கள். தோள் அகலமும். உடுத்த சட்டை ஒன்றும் அனுப்பட்டாம். கஸ்பர் அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "மாப்பிள்ளைக்கு உடுப்புத் தைக்கினம்! பியற்றிஸ், கவனம், அங்க ஒரு பொம்பிளையும் பார்த்து வைச்சிருப்பினம்."

குசினிக் கதவோடு இவரை நிற்கவைத்துத் தையல் நாடாவால் அளந்தேன். ஐந்தடி ஏழு அங்குலம். தோள் பதினெட்டரை. அளவுகளை என் கையாலேயே எழுதினேன். நீலச் சட்டையை மடித்து வைத்துத் தபாலில் சேர்த்தேன்.

19 ஏப்பிரல், பாஸ்கு ஞாயிறு

அல்லேலூயா. இவர் பூசைக்கு வந்தார், பாடவில்லை. வாய் மட்டும் அசைந்தது.

16 மே, சனி

இதை ஆரிடம் சொல்வது? சிரிப்பார்கள்.

இருபது வருடமாக இவருடைய சட்டைகளைத் தோய்க்கிறேன். கழுத்துப்பட்டியில் ஒரு கோடு எப்போதும் இருக்கும், சவர்க்காரம் வைத்துத் தேய்த்தால்தான் போகும். ஐந்து கிழமையாக அந்தக் கோடு இல்லை. கமக்கட்டில் மணம் இல்லை. அலுமாரிக்குள் எப்படி வைத்தேனோ அப்படியே கழற்றித் தருகிறார். இன்று தோட்டம் கொத்தினார், இரண்டு மணித்தியாலம், வெயிலில். சட்டையை மூக்கோடு வைத்துப் பார்த்தேன். இஸ்திரிப்பெட்டி போட்ட துணி மணம் மட்டுந்தான்.

மத்தியானம் முன்னறை நிலத்தில் நித்திரை. மல்லாந்து, கால் இரண்டும் சேர்த்து, கை நெஞ்சில். சோபா பக்கத்தில் இருக்க ஏன் நிலத்தில்? "இஞ்சருங்கோ" என்று மூன்று தரம் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்து, "எனக்கு இவ்வளவு இடம் காணும்" என்றார்.

6 ஜூன், சனி

மூன்றாம் கடிதம். பெட்டி முடிந்துவிட்டதாம். அதுமட்டும் விளங்கியது. இவர் அன்றைக்கே ரிக்கற் பதிந்துவிட்டார். நாலு விமானம், இரண்டு படகு, கடைசிப் படகு கிழமைக்கு ஒருதரம். போய்ச்சேர எட்டு நாள். மூன்று மாதத்துக்குள் திரும்பும் ரிக்கற். அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

11 ஜூன், வியாழன்

இவருக்குச் சொல்லாமல் மூன்று கடிதத்தையும் கைப்பையில் வைத்துக்கொண்டு வெம்பிளிக்குப் போனேன். வேதவல்லி மலாயாவில் பிறந்து வளர்ந்தவர், தகப்பன் ஈப்போவில் ஸ்ரேசன் மாஸ்ரர். துணிக்கடையில் பழக்கமானவர். அந்த மொழி மலாய் மாதிரித்தான் என்றார்.

இரண்டாம் கடிதத்தில் அவருடைய விரல் நின்றுவிட்டது.

"பியற்றிஸ், 'மத்தி' எண்டால் நடு இல்லை."

"பின்னை?"

"செத்தது. 'பெத்தி மத்தி' எண்டால்… நாங்கள் சொல்லுற மற்றப் பெட்டி."

சுற்றுலாப் போகிறவர்களுக்கு அந்தச் சொல் தேவைப்படாது. அதுதான் புத்தகத்தில் இல்லை.

அவர் வாசித்துச் சொன்னபடி எழுதுகிறேன். அந்த ஊரில் காணி கடுதாசியால் கைமாறுவதில்லை. எடுக்கிறவனுடைய நீளத்துக்கு, அந்தக் காணி மரத்தில் பெட்டி செய்து வீட்டுக்குள் வைப்பார்கள். அன்றிலிருந்து அவன் அந்த மண்ணுக்குரியவன். வெறும் பெட்டி கூடாது, ஆள் வரும்வரைக்கும் அவன் உடுத்தது ஒன்று உள்ளே கிடக்க வேண்டும்.

கடைசிக் கடிதத்தின் கடைசி வரியை வேதவல்லி இரண்டு தரம் வாசித்தார். "சட்டையை என்ர மனுசி சனிக்கிழமைதோறும் தோய்க்கிறாள். கழுத்து ஊத்தை லேசிலை போகுதில்லை. நல்ல உழைப்பாளி போல."

நான் தண்ணீர் கேட்டேன்.

அளந்தது நான். எழுதினது நான். சட்டையை மடித்தது நான்.

12 ஜூன்

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன், இல்லை. "எனக்குத் தெரியும்" என்றார். எப்படித் தெரியும்?

4 ஜூலை, சனி

ஹீத்ரோ. நானும் அருள்மலரும் போனோம். எங்களில் எவரும் வாசலைத் தாண்டும்போது 'போறன்' என்று சொல்வதில்லை. பக்கத்துக் கடைக்குப் போனாலும் 'போட்டு வாறன்' தான். இவர் என் தோளில் கை வைத்து, "போறன் பியற்றிஸ்" என்றார்.

"போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ."

சிரித்தார். திரும்பி நடந்தார். "அப்பா, ஒருக்காச் சொல்லுங்கோ!" என்று மகள் கத்தினாள். கையைத் தூக்கிக் காட்டினார், அவ்வளவுதான்.

18 ஜூலை

கடிதம் இல்லை.

1 ஓகஸ்ட்

இல்லை.

14 ஓகஸ்ட், வெள்ளி

வந்தது. லூக்காஸ் அனுப்பிய படம். அதே வீடு, அதே வரிசை. நடுவில் இவர், நீலச் சட்டையோடு, கறுத்து, நன்றாகத்தான் இருக்கிறார். பன்னிரண்டு பேர். பின்பக்கம் திருப்பினேன். பெயர்கள் பதின்மூன்று.

இவருக்கு இடப்பக்கம் ஓர் ஆள் இடைவெளி.

இவருடைய கையெழுத்தில் தமிழில் ஒரு வரி: "உம்முடைய நீளத்தை அனுப்பும்."

15 ஓகஸ்ட், மாதா பரலோகத்துக்கு எடுக்கப்பட்ட திருநாள்

பூசையில் ஒரு சொல்லும் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து இவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்தேன், கோயிலுக்குப் போடுகிறது. மன்னாரிலிருந்து கொண்டுவந்த தகரப்பெட்டியை வெறுமையாக்கித் துடைத்தேன். சட்டையைக் கையிரண்டும் நெஞ்சில் வருகிற மாதிரி மடிக்கப் போனேன். பிறகு விரித்து, கையை விரித்தபடி வைத்தேன். நடக்கிறவன் கை மாதிரி. மேலே என் செபமாலை.

இவரை இழுக்க அவர்களுக்கு ஏலுமென்றால், திருப்பி இழுக்க எனக்கு ஏன் ஏலாது? அவர்கள் நாலு மாதமாகத் தோய்த்தார்கள். நான் இருபது வருடம் தோய்த்திருக்கிறேன்.

22 ஓகஸ்ட், சனி

செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் சொன்னேன். கழுத்துப்பட்டி வெள்ளை.

29 ஓகஸ்ட், சனி

வெள்ளை. பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லவில்லை. எந்தக் கட்டளைக்குக் கீழே சொல்வது?

5 செப்ரெம்பர், சனி

வெள்ளை. அருள்மலர் பார்த்துவிட்டாள். "அம்மா, வட் ஆர் யூ டூயிங்?" என்றாள். சொன்னேன். நான் நினைத்தது மாதிரிச் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்து மிச்சச் செபத்தை என்னோடு சேர்ந்து சொன்னாள்.

12 செப்ரெம்பர், சனி

காலை பத்தேகால். பெட்டியைத் திறந்தபோது இருந்தவர்கள்: நான், அருள்மலர். இரண்டு பேர். வேறு ஒருவரும் இல்லை.

கழுத்துப்பட்டியில் கோடு. மண்ணிறம், ஒரு நூலளவு. சட்டையை மூக்கில் வைத்தேன். மகளும் வைத்துப் பார்த்தாள். "அப்பா" என்றாள்.

தோய்க்கவில்லை. தோய்க்கவும் மாட்டேன்.

தபாலில் போட்ட கடிதத்தின் பிரதி:

'அன்புள்ள அருள்மலரின் அப்பாவுக்கு, என் நீளத்தை அனுப்பமாட்டேன். காணியை லூக்காஸ் வைத்துக்கொள்ளட்டும். அந்த நீலச் சட்டையைப் பெட்டிக்குள் விட்டிட்டு வராதேங்கோ, போட்டுக்கொண்டே வாங்கோ. ஒக்ரோபர் மூன்றோடு உங்களுடைய ரிக்கற் முடிகிறது. உங்களுடைய வெள்ளைச் சட்டை இஞ்ச ஊத்தையாகத் தொடங்கியிட்டுது, அதனால் நீங்கள் வெளிக்கிட்டிருப்பீங்கள் என்றுதான் நானும் பிள்ளையும் நினைக்கிறம். எந்தக் கிழமைப் படகு என்று மட்டும் எழுதுங்கோ. கெதியாய்ப் பதில் போடுங்கோ.'