தட்டைப்பயறு தின்ற பன்னிரண்டு குட்டிகள்

மார்ச் 3

பதினோரு வருடம் பக்கம் பக்கமாகப் புகார் எழுதியும் யாரும் கேட்கவில்லை. இங்கேயாவது எழுதிவைக்கிறேன். ஆட்டுப் பண்ணையின் மேலாளர் நாற்காலியில் இருப்பவன் என் மனைவியின் தம்பி. கால்நடைத் தீவனத்தில் பட்டம் வாங்கியவன் நான். நாற்காலி அவனுக்கு, தீவனக் கொட்டகை எனக்கு.

இன்று கூட்டத்தில் அறிவிக்கிறான்: கிணறு அடிமட்டத்துக்குப் போய்விட்டது, இனித் தீவனத்துக்குக் குதிரைமசால் விளையாது, குட்டிகளைக் கறிக்கு விற்றுவிடலாம். மூன்று மாதக் குட்டிகள்! காய்ந்த தட்டைப்பயறுக் கொடி போதும், அதற்குத் தண்ணீரும் குறைவு என்றேன்.

"மச்சான், அது மாடு திங்கறது."

பண்ணைக் குழுத் தலைவி கையை உயர்த்தினார். "பன்னெண்டு குட்டிக்குக் குதிரைமசால், பன்னெண்டுக்குத் தட்டைப்பயறு. மாசக் கடைசில எடையப் பாத்துட்டுப் பேசிக்கலாம்."

மார்ச் 5

என் பன்னிரண்டு குட்டிகளும் கொடியின் இலையை மட்டும் தின்றன. தண்டையெல்லாம் என் செருப்பின் மேல் துப்பின.

மைத்துனன் வேலியில் சாய்ந்து நின்றான். "என்ன மச்சான், விளக்குமாறு கட்டறீங்களா?"

மறக்க மாட்டேன்.

மார்ச் 6

தண்டை விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டேன். தின்கின்றன! கறுப்பு மூக்குக் கிடா என் கைக்குட்டையையும் சேர்த்துத் தின்றது. தண்டைவிட ருசியாக இருந்திருக்கும்.

மார்ச் 16

பூக்கும்போதே அறுத்து நிழலில் காயவைத்த கொடி. இன்னும் பச்சை வாசனை போகவில்லை. கொஞ்சம் மென்று பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 29

எடை! குதிரைமசால் பட்டியில் குட்டிக்குச் சராசரியாக மூன்று கிலோ இருநூறு கிராம் கூடியிருக்கிறது. என் பட்டியில் நான்கு கிலோ நூறு. நான்கு!

தலைவி என் கையைக் குலுக்கினார். குட்டிகளை விற்கப் போவதில்லை. மைத்துனன் எல்லோர் முன்னாலும், "மச்சான், நான் சொன்னது தப்பு" என்றான். இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். காது சரியாகக் கேட்கவில்லை என்று காரணம் சொன்னேன். சொன்னான்.

மார்ச் 30

ஐயோ.

பட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆட்டுக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்: "உங்க குட்டிங்க நேத்து காலைல என்னமா தண்ணி குடிச்சுதுங்க சார்! வயிறு முட்ட குடிச்சுட்டுத்தான் தராசுல ஏறுச்சுங்க."

எடை போடுவதற்கு முந்தின மாலையே தீவனத்தையும் தண்ணீரையும் நிறுத்த வேண்டும். விதியை எழுதியவனே நான்தான். மைத்துனன் ஏமாற்றிவிடுவான் என்று, குதிரைமசால் பட்டியின் தொட்டியை என் கையாலேயே கவிழ்த்தேன். என் பட்டியின் தொட்டி? அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கண்ணும் எதிரி மேல் இருந்தால் இப்படித்தான்.

இன்று மாலை அதையும் கவிழ்த்தேன்.

மார்ச் 31

வெறும் வயிற்றோடு மறுபடி எடை போட்டேன். மூன்று கிலோ நூறு.

குதிரைமசால் பட்டியைவிட நூறு கிராம்தான் குறைவு. குட்டிகளைக் காப்பாற்ற அது தாராளம். பேசாமல் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆட்டுக்காரரும் வாய் திறக்க மாட்டார்.

ஏப்ரல் 2

நஷ்டம் குட்டிகளுக்கு. மைத்துனன் உற்சாகமாக ஓடிவந்தான். "இந்தக் கொடிலயே இவ்வளவு சதை போடுதுன்னா, அடர்தீவனம் எதுக்கு மச்சான்? திங்கக்கிழமைலேர்ந்து பாதியாக் குறைச்சிடறோம். தலைவியம்மா சரின்னுட்டாங்க."

தானியமும் பிண்ணாக்கும் பாதியானால் வளர்கிற குட்டி என்ன ஆகும்? விலா எலும்பை எண்ணலாம். குறைக்க வேண்டாம் என்றேன். "அடக்கமாப் பேசாதீங்க மச்சான்" என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டான். அவனிடம் போய், "தப்பு என்னுடையது" என்று சொல்வதா? அதைவிடத் தலைவிக்கு எழுதிவிடலாம்.

ஏப்ரல் 3

தலைவிக்கு நான்கு பக்கம் எழுதினேன். என்னைப் பற்றித்தான். 'தங்கள் தீவனப் பொறுப்பாளர் படித்த கர்வத்தில் தண்ணீர்த் தொட்டியைக் கவனிக்கவில்லை. சரியான எடை மூன்று கிலோ நூறு. தட்டைப்பயறுக் கொடியைத் தொடரலாம். அடர்தீவனத்தில் ஒரு பிடிகூடக் குறைக்கக் கூடாது.' இத்தனை வருடப் புகார்களில் இவ்வளவு சரளமாக எதுவும் வந்ததில்லை.

மனைவி படித்துவிட்டுச் சிரித்தாள். "பேர் போடலியா?"

"மாட்டேன்."

"போடாட்டி மட்டும்? இந்தப் பண்ணைல நாலு பக்கத்துக்குத் திட்டி எழுதறது வேற யாருங்க?"

இருக்கட்டும். தெரிந்தால் தெரியட்டும். பெயர் போடாமலே நாளைக் காலை முதல் வேலையாகத் தபாலில் சேர்த்துவிடுகிறேன். திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும்.