புள்ளிக்கோட்டுக்குக் கீழே என் பெயர்

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு
வசந்தகுமார் என்னை என் தாய்க்குப் பிறக்காதவன் ஆக்கிவிட்டான். சித்தப்பா மகன். ஹிஞ்சேவாடி ஐ.டி. பூங்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் குடும்ப வரலாறு என்று ஒரு புத்தகம் தயாரிக்கிறான். இன்று மாதிரிப் படி வந்தது. அப்பா ஞானமுத்து, அம்மா எஸ்தர். அவர்களிடமிருந்து என் பெயருக்கு முழுக்கோடு இல்லை, புள்ளிக்கோடு. அடியில் பொடி எழுத்தில் விளக்கம்: தத்து.

எழுபத்தாறு வயதில் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

போன் செய்தேன். "எங்கப்பா கடைசி நாள்ல சொன்னதத்தான் போட்டேன் அண்ணாச்சி. நீங்க ஆதாரம் கொண்டாங்க, கோட்ட மாத்திருதேன்" என்றான்.

கொண்டு வருகிறேன்.

ஆகஸ்ட் 13
முழங்கால் வலி. பதிவு தேடித் தேவாலயத்துக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 20
கட்கி தேவாலய அலுவலகம். நான் தொழிற்சாலையில் சேர்ந்தபோது வயதுக்குக் காட்டியது ஞானஸ்நானச் சான்றுதான். அதன் மூலப் பதிவு இங்கே இருக்க வேண்டும். பழைய ஆங்கிலக் கையெழுத்தைப் படிக்க எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. லென்ஸை வைத்துக்கொண்டு நானே பழகியது. மூன்று மணி நேரம் ஆயிற்று. கிடைத்தது.

ஜெபமணி. பிறப்பு 14 நவம்பர் 1947. பெற்றோர் ஞானமுத்து, எஸ்தர். வேறென்ன வேண்டும்?

அங்கே கிளார்க் பாஸ்கர், திக்கித் திக்கித் தமிழ் பேசுபவர், "அங்கிள், பக்கா பண்ணணும்னா அடக்கம் ரெஜிஸ்டரும் ஒருதடவ பாத்துடுங்க. எல்லாரும் ரெண்டும் பாக்கறாங்க" என்றார். உயிரோடு எதிரே உட்கார்ந்திருப்பவன் அதை எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். சிரித்தார்.

ஆகஸ்ட் 21
பதிவின் படத்தை வசந்தகுமாருக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான்.

ஆகஸ்ட் 27
பதில் வந்தது. அவனும் அடக்கப் பதிவேட்டைத்தான் பார்க்கச் சொல்கிறான். அவன் வாயை அடைக்கவே போனேன்.

3 மார்ச் 1950. ஜெபமணி, வயது இரண்டு, ஞானமுத்துவின் மகன். காய்ச்சல்.

வேறொரு ஞானமுத்துவாக இருக்கலாம் என்று நான்கு முறை படித்தேன். நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் வீட்டு எண்ணும் எங்களுடையதுதான்.

அப்ப நான் யாரு?

ஆகஸ்ட் 28
அந்தக் காலத்தவர்களில் அம்மாவின் தங்கை ஒருத்திதான் மிச்சம். அவளைக் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 3
லோக்கல் ரயில் பிடித்துத் தளேகாவ் போனேன். அம்மாவின் தங்கை பவுன் சித்தி அங்கே மகன் வீட்டில் இருக்கிறாள். தொண்ணூற்றொன்று. நினைவு சுத்தமாக இருக்கிறது. அடக்கப் பதிவின் நகலை நீட்டினேன், வாங்கவில்லை.

"அதப் படிச்சுக் காட்ட வேண்டாம்ல. நானும் நின்னுதான் மண்ணு போட்டேன்" என்றாள்.

பிள்ளை போனபின் அம்மா ஆறு மாதம் யாரோடும் பேசவில்லையாம். அதே குவார்ட்டர்ஸ் வரிசையில் ஒருத்தி பிரசவத்தில் இறந்தாள்; அவள் புருஷன் குழந்தையை விட்டுவிட்டு எங்கோ போனான். அப்பா தூக்கி வந்தார்.

"மடியில போட்டதும் அக்கா 'ஜெபமணி'ன்னா. ஆறு மாசம் கழிச்சு வாயத் தொறந்தவள இல்லன்னு யாரு சொல்லுவா? நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்."

அந்தப் பெயருக்கு ஒரு ஞானஸ்நானச் சான்றிதழ் வீட்டில் ஏற்கெனவே இருந்தது. அதையே எனக்கும் வைத்துக்கொண்டார்கள்.

வகுப்பில் எப்போதும் நான்தான் குள்ளம். அந்தச் சான்றின் வயதால் வேலையிலிருந்து கிட்டத்தட்ட மூன்று வருஷம் முன்னதாக ஓய்வு பெற்றேன். இத்தனை வருஷம் கேக் வெட்டியது அவனுடைய நாளில்.

செப்டம்பர் 8
வசந்தகுமார் மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசினான். அது எனக்கு வேண்டாம்.

புள்ளிக்கோடு இருக்கட்டும். அதற்கு முன்னால் முழுக்கோடு ஒன்று வர வேண்டும்: ஜெபமணி, 1947–1950. எஸ்தருக்குப் பிறந்த பிள்ளையை விட்டுவிட்டு என்ன வரலாறு? இதை வசந்தகுமார் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் புத்தகம் அச்சுக்குப் போகக் கூடாது.

கல்லறைத் தோட்டத்தில் அவன் குழி எந்த வரிசை என்று பாஸ்கர் தேடித் தர வேண்டும்.

என்னைப் பெற்றவள் பெயர் சித்திக்கு ஞாபகம் இல்லை. அதே பதிவேடு, 1950 செப்டம்பரையொட்டிய பக்கங்கள். அதை நான் பார்க்க வேண்டும்.

நவம்பர் 14 அன்று எனக்கு யாரும் வாழ்த்துச் சொல்ல வேண்டாம். கட்கிக்குப் பூ கொண்டுபோக வேண்டும். நானும், வசந்தகுமாரும்.