வெள்ளிக்கிழமைக் கத்தி

இஞ்சாருங்கோ,

கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டு வந்தேன். பெயரைப் போட்டு எழுதினால் வேறு யாருக்கோ எழுதுவது போல இருக்கும். எங்கள் தமிழ் மன்றத்து ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். உங்களைப் பற்றி ஊருக்கு எழுத எனக்கு வராது. உங்களுக்கே எழுதுகிறேன், வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும். புருசன் பெண்சாதி கதையில் கொஞ்சம் சண்டையும் இருக்கும். அதையும் பொறுத்துக்கொள்ளட்டும்.

உங்கள் ஆண்டுத் திவசம் நல்லபடியாக முடிந்தது. ஐயர் சொன்ன நேரத்துக்கே வந்தார். மூத்தவள் கொலோனுக்குப் போய் மரக்கறியெல்லாம் வாங்கி வந்தாள். சின்னவன் எர்லாங்கனிலிருந்து லீவு எடுத்துக்கொண்டு வந்து, வேட்டி நிற்காமல் இடுப்பில் ஜீன்சுக்குப் போடுகிற பெல்ட்டைக் கட்டிக்கொண்டு பிண்டம் வைத்தான். நீங்கள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குச் சிரிப்பேன் என்று நான் நினைக்கவே இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முதல்நாள் நடந்த கதை. நீங்கள் எனக்குச் செய்து தந்த மான்கொம்புப் பிடி போட்ட கத்தியால் வீட்டில் ஒரு வழக்கே நடந்தது. உங்கள் அக்காதான் நீதவான். அதற்குள் போவதற்கு முன், உங்களைத் தெரியாதவர்களுக்கு இந்தக் கொம்புக் கதை எங்கே தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன். நான் பிழையாகச் சொன்னால் நீங்கள் இடையில் புகுந்து திருத்துவீர்கள். இனி யார் திருத்துவது?

தொழிற்சாலையில் இரும்பு கடைந்து ஓய்ந்த பிறகு உங்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஐஃபல் காடு பக்கத்திலேயே இருந்ததால் காலையில் நடக்கப் போனீர்கள். ஒருநாள் ஜாக்கெட்டுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்து நின்றீர்கள். ஒரு மான்கொம்பு. ஆண் மான்கள் வருடா வருடம் கொம்பை உதிர்த்துவிட்டுப் புதிதாக வளர்க்குமாம், கீழே கிடந்ததாம். அதைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அம்மா, "அதை எடுப்பது சட்டப்படி வேட்டைத் திருட்டு, காட்டில் விழுந்ததும் வேட்டைக்காரருக்குத்தான் சொந்தம்" என்றாரே, அப்போது உங்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்து எவ்வளவு காலம். இருந்தும், ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் அகதியாக வந்து இறங்கிய அன்றைய பயம் உங்களை விட்டுப் போகவில்லை. "புவனம், எங்களைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்களோ?" என்று கேட்டீர்கள். நான் உழுந்து வடை சுட்டுத் தர, கொம்பை ஒரு கையிலும் வடையை மறுகையிலும் பிடித்துக்கொண்டு அந்தக் காட்டின் வேட்டை உரிமையுள்ள ஹெர் லோமானின் வீட்டுக்குச் சரணடையப் போனீர்கள். அவர் கொம்பையும் திருப்பித் தந்து, இனிமேல் கண்டால் என்னிடம் சொல்லிவிட்டு எடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். வடைப் பாத்திரம் மட்டும் வெறுமையாக வந்தது.

அதன் பிறகு வீட்டுக்கு அடியில் இருக்கும் எங்கள் கெல்லர் கத்திப் பட்டறையாகிவிட்டது. அலகுக்கு இரும்பு தேய்த்தால்கூடப் பரவாயில்லை. கொம்பை அறுக்கும்போது வரும் மணம் இருக்கிறதே, மயிர் கருகும் மணம். படியேறி வரும்போதே நான் வாசலை மறித்துக்கொண்டு நிற்பேன். "செத்தவீட்டால வந்த ஆள் மாதிரி முழுகிப்போட்டு உள்ள வாங்கோ." நீங்களும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் குளியலறைக்குப் போவீர்கள். இப்போது கெல்லரைத் திறந்தால் ஒரு மணமும் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஹெர் லோமான் தான் சுட்ட மான்களின் கொம்பும் தந்தார், விழுந்த கொம்பும் தந்தார். நீங்கள் எல்லாவற்றிலும் பிடி போட்டீர்கள். இறைச்சி வெட்டவும் பாண் வெட்டவும் என்று கத்திகள் அயலெல்லாம் போயின. எனக்கு மட்டும் வரவில்லை. இத்தனைக்கும் கத்தி வேண்டியிருந்தது எனக்குத்தான். முதியோர் இல்லத்துச் சமையலறையில் எத்தனையோ வருடம் உருளைக்கிழங்கு சீவி என் பெருவிரல் மூட்டுத் தேய்ந்துவிட்டது. கடைக் கத்தியின் வழுவழுத்த பிடி ஈரக்கையில் நிற்காது. ஒருநாள் பூசணிக்காய் வெட்டும்போது கத்தி வழுகிப் புறங்கையில் ஏறியது. நீங்கள்தான் கட்டுப் போட்டுவிட்டீர்கள்.

மறுநாள் ரொட்டிக்குக் குழைத்த மாவில் ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தீர்கள். "மரக்கறி வெட்டுற மாதிரி இறுக்கிப் பிடியும் பாப்பம்." பிடித்தேன். விரல்கள் பதிந்த அந்த மாவைக் காயவைத்து, இந்த அளவுக்குக் கொம்பு கிடைத்ததும் செய்து தருகிறேன் என்றீர்கள். கொம்பின் சொரசொரப்பு ஈரத்திலும் வழுகாது, அதன் வளைவில் பெருவிரலுக்கு வேலை குறையும் என்று விளக்கமும் சொன்னீர்கள். பிறகு ஒரு வருடம் போனது. இன்னொரு வருடம் போனது.

நான் விட்டேனா? வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் உங்களைச் சோம்பேறி என்று சொன்னேன். "ஊருக்கெல்லாம் கத்தி செய்வார், என்ர முறை வந்தா மட்டும் பஞ்சி." நீங்கள் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தீர்கள். கடைசியில், நீங்கள் போவதற்கு முந்திய கோடையில், அந்தக் கத்தியை மேசையில் கொண்டுவந்து வைத்தீர்கள். கையில் எடுத்தேன். என் கையை எனக்கே திருப்பித் தந்தது போல இருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னேனா என்று ஞாபகமில்லை. "உப்புத் தண்ணிக்குள்ள போடாதையும்" என்று நீங்கள் சொன்னதுதான் ஞாபகம்.

இனி வழக்குக்கு வருகிறேன்.

திவசத்துக்கு முதல்நாள் காலையிலேயே உங்கள் அக்கா வுப்பெர்டாலிலிருந்து வந்து இறங்கினார். அவருடைய ஆசாரம் உங்களுக்குத் தெரியாததா? மீன், இறைச்சி என்று மச்சம் சமைத்த சட்டியில் சுடுதண்ணீர்கூட வைக்கமாட்டார். என் வீட்டில் சைவத்துக்கு வேறு சட்டி, வேறு பலகை, வேறு கத்தி என்று இருப்பதும் அவருடைய மேற்பார்வையில்தான். மறுநாள் படையலுக்கு வாழைக்காய் வெட்ட உங்கள் கத்தியை எடுத்தேன்.

"உந்தக் கத்தியை வை, புவனம்."

"ஏன் மச்சாள்?"

"உது மச்சம். கொம்பு என்ன மரத்திலயா காய்க்குது?"

"சங்கும் மரத்தில காய்க்கிறேல்லைத்தானே. கோயில்ல ஊதுறம்."

"ஊதுறம். அதால கறி வெட்டுறமோ?"

நான் கத்தியைக் கீழே வைக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தானா விழுந்த கொம்பெண்டா நான் ஒண்டும் சொல்லன். மயிலிறகு மாதிரி அது. ஆனா தம்பி கெல்லருக்குள்ள மண்டையோட்டோட இருந்த கொம்பை வாளால அறுத்ததை நான் என்ர கண்ணால கண்டனான். சுட்ட மானின்ர கொம்பு. அதால வெட்டி அவனுக்கே படைக்கிறதோ? நீ இரு, நான் வெட்டுறன்."

அவர் சும்மா சொல்லவில்லை. நீங்கள் அப்படியும் அறுத்தீர்கள்தானே. பிடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். விழுந்ததா சுட்டதா என்று அடிப்பக்கத்தைப் பார்த்தால் தெரியுமாம், அந்த அடிப்பக்கத்தை நீங்கள் வெட்டி எறிந்துவிட்டீர்கள். வேறு கத்தியால் என்னால் ஏலாது. நான் வெட்டாவிட்டால் உங்கள் முதல் படையல் என் கை படாத கறியாகத்தான் போகும். கடைசி ஒரு மாதம் ஆஸ்பத்திரிச் சாப்பாடு சாப்பிட்ட மனுசன் நீங்கள். ஒரு வருடமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது இந்த ஒரு நேரத்துச் சமையலைத்தான். என்னால் அதை விட்டுக்கொடுக்க முடியவில்லை.

கத்தியைத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். "எங்க போறாய்?" என்று அக்கா கேட்டதற்கு, "சாட்சி கூட்டிக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். சொல்லும்போது வீரமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு பயம் வந்தது. அது சுட்ட மானின் கொம்புதான் என்று ஹெர் லோமான் சொல்லிவிட்டால்? கேட்காமலே இருந்திருக்கலாமோ?

ஹெர் லோமானுக்கு இப்போது காது மந்தம். கதவைத் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. கத்தியை அவர் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தேன். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது என்று நீங்கள் அவரையும் பழக்கி வைத்திருக்கிறீர்கள், நான் வைக்கும்வரை பொறுத்திருந்துதான் எடுத்தார். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு பெரிய சோடிக் கொம்பு மாட்டியிருந்தது.

"என் தந்தையோடு போய்ச் சுட்ட முதல் மான்" என்றார். "உங்கள் கணவர் ஒரு காய்ந்த ரொட்டித் துண்டோடு வருவார். முதல் தடவை எனக்குச் சாப்பிடத்தான் கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அதை இந்தக் கொம்போடு வைத்துப் பார்த்தார். அப்படியே பொருந்தியது. எடுத்துக்கொள்ளுங்கள், அறுத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்."

"ஏன்?"

"அவர் சொன்ன காரணம் இது: என் மனைவி வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டாள், அவளுக்குச் செய்கிற கத்தி வெள்ளிக்கிழமைக்கும் உதவ வேண்டும், விழுந்த கொம்புதான் வேண்டும் என்றார். ஹெர் சிவா, அறுத்து மெருகு போட்ட பிறகு அது யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டேன். அவளிடம் பொய் சொல்ல எனக்கு வராது, முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள் என்றார்."

பிறகு அவர் சொன்னதை எல்லாம் எழுத எனக்கு இடம் போதாது. ஒவ்வொரு வசந்தத்திலும் மான்கள் கொம்பு உதிர்க்கும் காலத்தில் அந்த மாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காடெல்லாம் நடந்தீர்களாம். ஒன்றை எலி கடித்திருந்ததாம். இன்னொன்று என் கைக்குத் தடிப்பு. மற்றொன்றை அறுத்தால் உள்ளே முழுக்கப் பஞ்சாக இருந்ததாம். கடைசியில் ஓடைக்கரையில் புதிதாக விழுந்த ஒன்றைக் கண்டு, அதைத் தொடாமல் பக்கத்தில் நின்றுகொண்டே, எடுக்கலாமா என்று அவருக்குப் போன் பண்ணினீர்களாம்.

அந்த மனிதர் முன்னால் இருந்து அழுதேன். ஜெர்மன்காரர் வீட்டில் அழக்கூடாது என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. கோபமும் வந்தது. இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை? நான் ஊரெல்லாம் உங்களைப் பஞ்சி பிடித்தவர் என்று சொல்லித் திரிந்தபோது, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் வாயை மூடியிருப்பேன். உங்களுக்கு அது தேவைப்படவில்லையா, அல்லது நான் ஏசுவது உங்களுக்குப் பிடித்திருந்ததா?

வீட்டுக்கு வந்தபோது அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். வாழைக்காய் வெட்டாமல் அப்படியே கிடந்தது. நடந்ததைச் சொன்னேன். துருவுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், சுவரில் இருந்த கொம்பை நீங்கள் வேண்டாம் என்ற இடத்தில் நிறுத்தினார்.

"பொருந்தினதை வேண்டாமெண்டவனோ?"

"ஓம் மச்சாள்."

"நான் அவனை மச்சம் மாத்திரம் தெரிஞ்சவனெண்டு எத்தினை தரம் ஏசியிருப்பன்" என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கத்தியை மஞ்சள் தண்ணீரில் கழுவித் துடைத்து, என் முன்னால் பலகையில் வைத்தார். "வெட்டு. கொஞ்சம் பெரிசா வெட்டு, தம்பிக்குச் சின்னனா இருந்தாப் பிடிக்காது."

வாழைக்காய், கத்தரிக்காய், பயத்தங்காய், பூசணிக்காய் எல்லாம் நானே வெட்டினேன். கை நோகவில்லை என்று சொன்னால் பொய். நொந்தது, ஆனால் கத்தி வழுகவில்லை. மறுநாள் வாழையிலையில் உங்களுக்குப் பிடித்த பால்கறியை முதலில் வைத்தேன். உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது, அதற்கு அக்காதான் பொறுப்பு.

இனி நான் சொல்லப்போவது வாக்கு. இந்தக் கத்தியில் மீனோ இறைச்சியோ படாது. பாத்திரம் கழுவும் மெஷினுக்குள் போகாது, பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். நான் இருக்கும்வரை ஒவ்வொரு வருடமும் உங்கள் படையலை இதனால் நானே வெட்டிச் சமைப்பேன். என் கை முழுதாக ஏலாமல் போகும் காலமும் வரும். அதைப் பற்றி அக்காவிடம் கேட்டேன். திரும்பிப் போக ரயிலடியில் நிற்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உனக்கு ஏலாட்டி நான் வந்து வெட்டுறன். வேற கத்தி எனக்கு வேண்டாம்."

உங்கள் மனுசி,
புவனம்