தோற்கட்டும் என்றுதான் போனேன்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், உன் தங்கையும் சௌக்கியம், ஒரு கண் மட்டும் வீங்கியிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? கண் என்றதும் பதறாதே, எல்லாம் நீ வாங்கி அனுப்பிய கையுறையால் வந்த வினைதான், அதனால் முழுக்கப் படித்துத் தொலை.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முதல் குத்துச்சண்டைப் போட்டி. படிவத்தில் கையெழுத்துக் கேட்டபோதே சொல்லிவிட்டேன், ஒரே ஒரு முறைதான், தோற்றால் கையுறையை மூட்டை கட்டிவிட்டு என்னோடு தையல் கடையில் உட்கார வேண்டும் என்று. அவளும் தலையாட்டினாள். உன்னிடம் மறைப்பானேன், தோற்கட்டும் என்றுதான் நானும் போனேன். உன் அப்பா கதையைக் கேள், பார்க்கிறவரிடமெல்லாம் மகள் சண்டை போடப்போகிறாள் என்று தம்பட்டம் அடித்த மனிதர், மணி அடித்ததும் எழுந்து வெளியே ஓடிவிட்டார். வாசல் காவலாளிதான் பாவம், எட்டி எட்டிப் பார்த்து அவருக்கு நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

எதிரில் வந்தவள் நம்மவளைவிட ஒரு சாண் உயரம், அவளுக்கும் அதுதான் முதல் போட்டி. இரண்டும் முதல் சுற்று முழுக்க ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வந்ததே தவிர ஒரு கையும் உருப்படியாக நீளவில்லை, எனக்குக் கொட்டாவியே வந்துவிட்டது. இரண்டாம் சுற்றில்தான் நம்மவளுக்குச் சூடு பிடித்தது. மூன்றாவதில் விட்டாள் பார் ஒரு குத்து, அந்தப் பெண்ணுக்கு மூக்கில் ரத்தம். உடனே இந்த அசடு என்ன செய்தது தெரியுமா? இரண்டு கையையும் கீழே போட்டுவிட்டு, "வலிக்குதா?" என்று கேட்டது. அவள் பதிலை நம்மவள் கண்ணிலேயே ஒரு குத்தாகக் கொடுத்தாள். நான் எப்போது நாற்காலி மேல் ஏறினேன் என்று எனக்கே தெரியாது, "கையத் தூக்குடி, அப்புறமா கேட்டுக்கலாம்!" என்று கத்தினேன். பின்னாலிருந்தவர் உட்காரச் சொன்னார், அவரை நான் என்ன சொன்னேன் என்பதை எழுத மாட்டேன்.

ஒரே ஒரு நடுவர் வித்தியாசத்தில் தோற்றாள். யாரை இடித்தாலும் வலிக்கிறதா என்று கேள் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தது யார், நான்தானே? நான் நினைத்ததுதான் நடந்தது, ஆனாலும் கழிவறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்டா.

திங்களன்று சொல்லாமலே கடைக்கு வந்துவிட்டாள். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு பள்ளிச் சட்டைகளுக்குப் பட்டன் தைத்தாள், எல்லாமே கோணல். ஒரு வார்த்தை முனகியிருந்தால் நானும் நன்றாகத் திட்டித் தீர்த்திருப்பேன், முனகவே இல்லை. மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பயிற்சியாளரிடம் போய் அடுத்த படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டு அவள் முன்னால் வைத்தேன். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தோத்தா நிறுத்தணும்னு சொன்னியேம்மா" என்றாள். "சொன்னேன். அது போன வாரம்" என்றேன். அத்தனை அடி வாங்கியும் அழாதவள் சட்டைக் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்படி அழுதாள்.

அடுத்த போட்டி பதினெட்டாம் தேதி. இந்த முறை உள்ளே உட்காருவேன் என்கிறார் அப்பா, பார்ப்போம். பல்லுக்கு மாட்டும் உறை நல்லதாக ஒன்று வாங்கி அனுப்பு, இங்கே கிடைப்பது அவள் வாய்க்குப் பெரிதாக இருக்கிறது, மறந்துவிடாதே. நீயும் உன் தங்கையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

இன்னும் தொண்டை கட்டியிருக்கும்
உன் அம்மா