போகாத வீட்டுக்குப் போட்ட கையெழுத்து

2025 ஜூலை 7, திங்கள்

மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்கு மன்னாரிலிருந்து பன்னிரண்டு பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அரசாங்கச் செலவில் இம்மாதம் 27 வரை மூன்று கிழமை கொழும்பு வீடுகளில் தங்கிப் படிப்பார்கள். அந்த வீடுகளைப் போய்ப் பார்ப்பது, படிப்பிப்பதோடு எனக்குத் தந்த பொறுப்பு. ஸ்ரான்லி வீட்டுக்கு மட்டும் போகவில்லை. இருபது வருஷமாக நானும் அவரும் மாதா கோயிலில் ஒரே பாடகர் குழு. பூசை முடிந்து முற்றத்தில் நின்றபடியே அவர் வீட்டுப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன். தனியறை? உண்டு. உள்பூட்டு? உண்டு. எங்கள் கொட்டாஞ்சேனையில் கோயில் ஆளைச் சோதிக்கப் போனால் பிறகு முகத்தில் முழிக்க ஏலாது.

ஜூலை 10

ஸ்ரான்லி வீட்டில் தங்கும் டெனிஷா போனில் கோல் எடுத்தாள். பதினாறு வயது. "மிஸ், அறைக்குப் பூட்டில்ல. அங்கிள் தட்டாமல் உள்ள வாறார்."

"அவர் நல்ல மனுஷன் பிள்ளை, கொஞ்சம் சமாளியுங்கோ" என்றேன். பாட்டுப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

டெனிஷா விடிய வெளிக்கிட்டு, பையோடு கன்னியர் மடத்து வாசலில் நின்றிருக்கிறாள். எனக்குக் கோல் எடுத்த பிறகு மூன்று ராத்திரியும் கதவில் முதுகை முட்டுக்கொடுத்துக்கொண்டு இருந்தாளாம்.

மூன்று ராத்திரி. கடவுளே.

ஜூலை 15

எங்கள் அதிபரும் திட்டப் பொறுப்பாளருமான தயாபரன் சேர் படிவத்தைத் தூக்கிக் காட்டினார். "பூட்டு இருக்கெண்டு நீங்கள் பார்த்து எழுதியிருக்கிறீங்கள். பிள்ளை பொய் சொல்லுது. வியாழன் விசாரிச்சிட்டு ஊருக்குத் திருப்பி அனுப்புவம்."

வகுப்புக்கு நேரமென்று எழும்பிப் போனேன். என்ன மனுஷி நான்?

ஜூலை 16

நாளைக்குச் சொல்லுவேனா?

ஜூலை 17

விசாரணையில் சொன்னேன். அந்த வீட்டு வாசற்படியே மிதிக்கவில்லை, எழுதினது பொய் என்று. டெனிஷாவை ஊருக்கு அனுப்பமாட்டார்கள், மடத்தில் தங்கி முடிப்பாள். ஸ்ரான்லி விஷயம் சிறுவர் பாதுகாப்பு அதிகாரிகளிடம் போகிறது. திட்டப் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். படிப்பிக்கும் வேலை மிஞ்சியது.

அவள் கோல் எடுத்ததை மட்டும் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவில்லையே.

ஜூலை 20, ஞாயிறு

பூசையில் ஸ்ரான்லியின் மனைவி என்னைக் கண்டதும் எழும்பி வேறு வாங்கில் போய் இருந்தா. போகட்டும்.

பின்னேரம் மடத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுக்க முன்னமே டெனிஷா மெதுவாகச் சொன்னாள்: "பயப்படாதீங்கோ மிஸ். உங்களுக்குக் கோல் எடுத்ததை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. உங்கட வேலை போயிடுமெல்லோ."

ஐயோ, என்னைக் காப்பாற்றுவதா அந்தப் பிள்ளையின் வேலை?

ஜூலை 21

காலை எட்டரைக்குத் தயாபரன் சேரிடம் ஒரு கடிதம் கொடுத்தேன். பத்தாம் தேதி அவள் சொன்னது, நான் சொன்னது, இரண்டையும் ஒரு சொல் மாற்றாமல் எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு இனி வரவேண்டாம், முடிவைப் பிறகு அறிவிப்போம் என்றார்.