அத்தை வாங்க மறுத்த கோடி

அன்பு மகன் ஆரோக்கிய ஜெகனுக்கு அப்பா செபாஸ்டின் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் பல்வலி தேவலையா, வேளைக்குச் சாப்பிடு. போனில் பேசினால் எனக்கு வாய் குழறிவிடுகிறது, அதனால் எழுதித் தருகிறேன், உன் தங்கை ஜெனிபர் போட்டோ எடுத்து அனுப்புவாள்.

ஜெயராணி அத்தையின் வீட்டுக்காரர், நம் ராஜாமணி மாமா, மாரடைப்பில் போய்விட்டார் என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம். மீதியை வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்கிறேன். அன்றைக்கு நான் ரயில்வே கேட்டில் டியூட்டியில் இருந்தேன். அத்தை ஆட்டோவிலிருந்து போன் போட்டு, சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போறோம், எந்தப் பக்கம்ணே வரட்டும் என்று அழுதாள். பாலத்துப் பக்கம் சுத்தாத, கேட்டுக்கே வா, நான் தொறந்து உடறேன் என்று நான்தான் சொன்னேன். பழைய கேட்டில் அப்படித்தான் பழக்கம், ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டு அவசரத்துக்குத் திறந்துவிடுவேன். சிக்னலோடு சேர்த்துப் பூட்டு வைத்த பிறகு அது நடக்காது, ரயிலுக்குப் பச்சை விழுந்துவிட்டால் அது கடந்து போகும்வரை கேட் திறக்காது. பதற்றத்தில் பழைய புத்தியில் சொல்லிவிட்டேன். அதற்குள் பாசஞ்சர் ரயிலுக்குக் கேட்டைப் போடச் சொன்னார்கள், அத்தை வருவதற்குள் வண்டி போய்விடும் என்று நம்பிப் போட்டேன். வழியில் எவனோ செயினை இழுத்து வண்டி நின்றுபோனது. ஆட்டோ வந்து நிற்கிறது, பின்னால் மணல் லாரி, திருப்பவும் வழியில்லை. சாவி என் கையில் இருக்கிறது, திரும்பவில்லை. ஸ்டேஷனுக்கு போன் போட்டுக் கெஞ்சினேன், வண்டி கெளம்பிடுச்சுய்யா, இனிமே ஒன்னும் பண்ண முடியாது என்றார்கள். மாமாவைத் தூக்கிக்கொண்டாவது தாண்டிவிடலாம் என்று ஓடினேன், வண்டி வந்துவிட்டது. அது போய் முடிந்தபோது மாமா அத்தை மடியில் சாய்ந்து கிடந்தார், மூச்சு இல்லை.

அடக்கத்தன்று, தாலி இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் போடும் கோடிச் சேலையை எடுத்துக்கொண்டு போனேன். நீதான வரச் சொன்ன, சாவிய கையில வெச்சிக்கினு பாத்துக்கினு நின்ன, ஒன் கோடி எனக்கு வாணாம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். பூட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லி என்ன ஆகப்போகிறது. கூடப்பிறந்தவன் இருந்தும் அவளுக்குக் கோடி விழவில்லை. ஆபீசில் விசாரித்து என்மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. ஜெனிபருக்கு வந்த சம்பந்தத்தைப் பேசவும் யாருக்கும் மனசில்லை. கல்லறைக்குப் போகும்போது அத்தை இந்தக் கேட்டில்தான் வந்து நிற்கிறாள், திறந்துவிட்டால் என்னைப் பார்க்காமல் போகிறாள். சோறு இறங்கவில்லை ஜெகா. இனி எதுவும் சரியாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வெயிலில் அலையாதே, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உனக்குத் துணை இருக்கட்டும். முப்பதாம் நாள் பூசைக்கு லீவு கிடைத்தால் நேரே அத்தை வீட்டுக்குப் போ. கோடியை ஜெனிபர் கொண்டுவந்து தருவாள், மருமகன் கையால் கொடுத்தால் வாங்குகிறாளா பார், என் பெயரைச் சொல்லாதே. அப்பன் வீட்டுக்குப் போகக் கூடாது என்று அவள் சொன்னால் மறுபேச்சு பேசாமல் அங்கேயே தங்கிவிடு. லீவு முடிந்து திரும்பிப் போகும்போது மட்டும் கேட்டு வழியாகப் போ, உன் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
செபாஸ்டின்